மென்திறனையுமா உருப்போடுவது?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

போன வாரம் இரவு பத்து மணிக்கு என் மகள் சத்தம் போட்டு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு. என்ன பாடம் என்றால் 'மென்திறன்' (சாஃப்ட் ஸ்கில்ஸ், அதாவது நாலு பேரோடு பேசிப் பழகி வேலை செய்யும் திறமை) என்கிறாள். குழுவாக வேலை செய்வதன் நன்மைகள் யாவை, ஐந்து மதிப்பெண் கேள்வியாம். அதைக் கதவைச் சாத்திக்கொண்டு தனியாக உருப்போடுகிறாள்!

நான் படித்தபோது இந்தச் சொல்லே காதில் விழுந்ததில்லை. நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு ஏழு நாள் ஒரு கிராமத்துக்குப் போனோம், ஐம்பது பேர் சாப்பாட்டுப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. வாயைத் திறக்கவே கூச்சப்படுகிற ஆள் நான். ஊராட்சித் தலைவரிடம் பள்ளிக்கூடச் சாவி கேட்டது, காய்கறிக்காரரிடம் பேரம் பேசியது, மூன்றாம் நாள் சாம்பார் அடிப்பிடித்து எல்லோரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டது, அப்புறம் அண்டாவை யார் கழுவுவது என்று இரண்டு பேர் கட்டிப் புரண்டதை விலக்கியது... இன்று கோபமாக வரும் வாடிக்கையாளரிடம் நிதானமாகப் பேசுகிறேன் என்றால் அந்தச் சாம்பார் புண்ணியம்.

1969-இல் காந்தி நூற்றாண்டில் தொடங்கியது அந்த நாட்டு நலப்பணித் திட்டம். இரண்டு ஆண்டில் 240 மணி நேரச் சேவை, ஏழு நாள் முகாம் என்று விதி இன்றும் இருக்கிறது. மகளின் கல்லூரியில் (பெயர் வேண்டாம்) பேனர், துடைப்பம், போட்டோ, பதிவேட்டில் மொத்தமாகக் கையெழுத்து, அவ்வளவுதான், சான்றிதழ் வந்துவிடுகிறது. தமிழ் மன்றமும் நாடகக் குழுவும் கூடுவது மாலை நாலு மணிக்கு மேல். எங்கள் ஊருக்கு நாலரை மணிப் பேருந்தை விட்டால் ஏழு மணிக்குத்தான் அடுத்தது. அதனால் விடுதிப் பிள்ளைகளும் வண்டி வைத்திருப்பவர்களுமே மேடை ஏறுகிறார்கள், பேருந்துப் பிள்ளைகளுக்கு வேடிக்கை பார்க்கக்கூட வழியில்லை.

அரசுக்கு அக்கறை இல்லை என்று சொல்லமாட்டேன். மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022-இல் வந்த 'நான் முதல்வன்' திட்டத்தில் மகள் கணினியில் எக்செல் படித்தாள், உருப்படியாகத்தான் இருந்தது. ஆனால் சபைக் கூச்சம் கணினி முன்னால் உட்கார்ந்தா போகும்?

மென்திறன் தாளுக்கு ஒதுக்கியிருக்கும் அந்த இரண்டு மணி நேரத்தை மன்றங்களுக்குக் கொடுங்கள், அதுவும் மதியமே, கல்லூரி நேரத்துக்குள். மதிப்பெண் போட்டே ஆக வேண்டும் என்றால் சரி, துறை விழாவை எடுத்து நடத்தியது யார், செலவுக் கணக்கை ஒழுங்காக ஒப்படைத்தது யார் என்று பார்த்துப் போடட்டும். பாடத்திட்டக் குழுவில் இருக்கும் பேராசிரியர்கள் யாராவது இதைப் படித்தால், அடுத்த கூட்டத்தில் ஒரு வார்த்தை பேசுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை