127 டிகிரியை விடு, 100 டிகிரியைப் பார்

அன்புள்ள சேகர்,

உன் கடிதமும், உன் கணினியின் வெப்பம், வோல்டேஜ் எல்லாம் காட்டும் கண்காணிப்பு மென்பொருளின் திரையைப் பிடித்து அனுப்பிய படங்களும் கிடைத்தன. பெரியவள் படிப்பை முடித்து வேலையில் சேர்ந்துவிட்டாள் என்று படித்ததும் வீட்டில் எல்லோரிடமும் சொல்லி மகிழ்ந்தேன். அவளுக்கு என் ஆசியைச் சொல். இங்கே எல்லோரும் நலம். எனக்கு வலது கண்ணில் புரை அறுவை நல்லபடியாக முடிந்தது. சின்ன எழுத்தெல்லாம் தெளிவாகத் தெரிகிறது. உன் படங்களில் இருந்த வரிகளை ஒன்று விடாமல் படிக்க முடிந்ததே அதனால்தான்.

முதலில் அவசரமான விஷயம். புது பவர் சப்ளை வாங்காதே. 12 வோல்ட் லைன் 8.1 என்று காட்டுகிறது, அதனால்தான் வீடியோ ஏற்றுமதி (தொகுத்த வீடியோவைக் கோப்பாக்குவது) பாதியில் மந்தமாகிறது என்று நீ முடிவு கட்டிவிட்டாய். உண்மையிலேயே 8.1 வோல்ட் வந்திருந்தால் உன் கணினி மந்தமாகியிருக்காது, ஓடியே இருக்காது. பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி பொதுவாக 12 வோல்ட் லைன் ஐந்து சதவீதம்தான் ஏறி இறங்கலாம். அதாவது 11.40 முதல் 12.60 வரை. அதற்கு வெகு கீழே போனால் பவர் சப்ளையே தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும்.

அப்படியானால் 8.1 எங்கிருந்து வந்தது? மதர்போர்டில் சூப்பர் ஐஓ என்று ஒரு சிப் இருக்கிறது. நுவோடான், ஐடிஇ போன்ற நிறுவனங்கள் செய்வது. வோல்டேஜ், போர்டின் வெப்பம், ஃபேன் வேகம் எல்லாம் பெரும்பாலும் அதன் வழியாகத்தான் வருகின்றன. அந்தச் சிப்பால் 12 வோல்ட்டை நேரடியாக அளக்க முடியாது. அதன் உள்ளீடு தாங்குவது சில வோல்ட்தான். ஆகவே போர்டு செய்பவர் இரண்டு ரெசிஸ்டர் (மின்தடை) வைத்து 12 வோல்ட்டைச் சிறிதாக்கி அதற்குக் கொடுக்கிறார். சிப் சொல்லும் சின்ன எண்ணை எத்தனையால் பெருக்க வேண்டும் என்பது அந்த ரெசிஸ்டர்களைப் பொறுத்தது, அது போர்டுக்குப் போர்டு மாறும். உன் மென்பொருளுக்கு உன் போர்டின் கணக்கு தெரியவில்லை, பொதுவான ஒரு கணக்கைப் போட்டுவிட்டது. உன் இரண்டு படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார். சும்மா இருக்கும்போதும் 8.1, முழு வேலை செய்யும்போதும் 8.1. நொடிந்துபோன பவர் சப்ளை இப்படி அசையாமல் நிற்காது, சுமை ஏறியதும் இறங்கும்.

இதைச் சரிபார்க்க இரண்டு வழி. கணினியைப் போட்டதும் விண்டோஸுக்கு முன்னால் ஓடும் பயாஸுக்குள் போய் அங்கே காட்டும் வோல்டேஜைப் பார். பயாஸ் போர்டு செய்தவரிடமிருந்தே வருவதால் பெருக்கல் கணக்கு அதற்குத் தெரியும். ஆனால் அங்கே சிபியு, அதாவது மையச் செயலியின் வெப்பம் விண்டோஸில் சும்மா இருக்கும்போது வருவதைவிடக் கூடுதலாகத் தெரியலாம். பயாஸில் இருக்கும்போது சிபியு முழுதாக ஓய்வெடுப்பதில்லை, அவ்வளவுதான். இன்னொரு வழி மல்டிமீட்டர். பவர் சப்ளையிலிருந்து வரும் பழைய நாலு வயர் மோலெக்ஸ் கனெக்டரில் கறுப்பு வயருக்கு மீட்டரின் கறுப்பு முனை, மஞ்சள் வயருக்கு அதன் சிவப்பு முனை. முனைகள் ஒன்றோடொன்று உரசாமல் பார்த்துக்கொள்.

அடுத்தது உன்னைத் தூங்கவிடாத அந்த 127 டிகிரி. வரியின் பெயர் ஆக்ஸ்டின் என்று இருக்கிறதே, அது துணை வெப்ப உள்ளீடு. சூப்பர் ஐஓ சிப்பில் இப்படிச் சில உள்ளீடுகள் உண்டு. எல்லாவற்றிலும் சென்சார் மாட்டியே ஆக வேண்டும் என்று இல்லை. சென்சார் மாட்டாமல் விட்ட சிப்பின் காலில் அர்த்தமில்லாத மின்னழுத்தம் நிற்கும், சிப் அதையும் வெப்பம் என்று படித்துச் சொல்லும். குறியோடு எட்டு பிட்டில் எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 127. அளவு முட்டிக்கொண்டு நிற்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். சில போர்டுகளில் இதே காரணத்தால் மைனஸ் 55, மைனஸ் 128 என்றெல்லாம் வரும். அந்த வரியை மறைத்துவிடு.

ஃபேன் வரி திடீரென்று 0 ஆகிறது, அடுத்த நொடியே பழைய வேகம் என்று எழுதியிருக்கிறாய். உன் படத்தின் கீழே மூன்று கண்காணிப்பு மென்பொருள்கள் ஒரே நேரத்தில் ஓடுவது தெரிகிறது. காரணம் அதுதான் என்பது என் அனுமானம். சூப்பர் ஐஓ சிப்பிடம் ஒரு எண்ணைக் கேட்க, எந்தப் பதிவேடு (சிப்புக்குள் எண் இருக்கும் இடம்) வேண்டும் என்பதை முதலில் எழுத வேண்டும், பிறகு விடையைப் படிக்க வேண்டும். ஒரு மென்பொருள் எழுதிவிட்டுப் படிப்பதற்குள் இன்னொன்று நடுவில் புகுந்து வேறு பதிவேட்டை எழுதினால், முதலாவது படிப்பது வேறு யாருக்கோ போக வேண்டிய விடை. நல்ல மென்பொருள்கள் ஒன்றுக்கொன்று வழிவிட ஒரு பொதுப் பூட்டு வைத்திருக்கின்றன. போர்டு நிறுவனங்கள் தரும் விளக்கு மற்றும் ஃபேன் மென்பொருள்களில் சில அந்தப் பூட்டை மதிப்பதில்லை. ஆகவே ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மூடு. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற கண்காணிப்பு மென்பொருள் போதும். அப்புறம் குறைந்தபட்சம், அதிகபட்சம் காட்டும் கட்டங்களை மறக்காமல் பூஜ்யமாக்கு. ஒரு நொடி தவறாக வந்த எண்ணும் நீ அழிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

இனி நான் உண்மையிலேயே கவலைப்படும் இடத்துக்கு வருகிறேன். 127-ஐயும் 8.1-ஐயும் சிவப்பு வட்டம் போட்டு அனுப்பிய நீ, அதற்கு நாலு வரி மேலே இருப்பதைப் பார்க்கவே இல்லை. சிபியு பேக்கேஜ் (சிபியு முழுவதின் வெப்பம்), அதிகபட்சம் 100 டிகிரி. பக்கத்தில் தெர்மல் த்ராட்லிங், 'ஆம்'. சேகர், உன் கணினி மந்தமாவதற்குக் காரணம் இதுதான். வெப்பம் எல்லையைத் தொட்டதும் சிபியு தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது.

127 பொய் என்றால் 100 மட்டும் எப்படி உண்மை என்று கேட்பாய். இது வேறு சென்சார். சிபியுவின் சில்லுக்குள்ளேயே இருப்பது, போர்டின் ரெசிஸ்டரோடு எந்தச் சம்பந்தமும் இல்லாதது. உன்னுடையது இன்டெல் சிபியு. அதன் சென்சார் வெப்பத்தை நேராகச் சொல்வதில்லை. எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி பாக்கி என்றுதான் சொல்லும். மென்பொருள் அதை 100-லிருந்து கழித்துக் காட்டுகிறது. அந்த எல்லைக்கு அருகில்தான் சென்சார் மிகத் துல்லியம். கீழே இறங்க இறங்கப் பிழை கூடும். ஒரு கோர் (சிபியுவுக்குள் கணக்குப் போடும் பகுதிகளில் ஒன்று) அறையின் வெப்பத்தைவிடக் குறைவாகக் காட்டியதை நீ பெருமையாக எழுதியிருந்தாயே, காற்றால் குளிரும் எந்தக் கணினியிலும் அது நடக்காது. அந்த எண்ணைப் பொருட்படுத்தாதே, 100-ஐ அப்படியே நம்பு.

சிபியு சென்சாரிலும் சறுக்கல்கள் உண்டுதான். 2017-இல் வந்த ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் சிபியுக்கள் இரண்டும் வேண்டுமென்றே 20 டிகிரி கூட்டிச் சொல்லும். எல்லா மாடலிலும் ஃபேன் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்று ஏஎம்டி செய்த ஏற்பாடு அது. அதை அறியாத மென்பொருளைப் பார்த்துப் பயந்தவர்கள் பலர். உன்னுடையதில் அந்தச் சிக்கல் இல்லை.

உன் தம்பி மகன் லினக்ஸில் 45000 டிகிரி என்று பார்த்ததாக எழுதியிருந்தாய். அங்கே கோப்பில் மில்லி டிகிரியில்தான் எழுதுவார்கள். 45 டிகிரி, அவ்வளவே.

அலுவலக மடிக்கணினியில் விண்டோஸோடு வரும் வைரஸ் தடுப்பான டிஃபெண்டர் உன் கண்காணிப்பு மென்பொருளை நீக்கிவிட்டது பற்றியும் கேட்டாய். இந்த எண்களைப் படிக்க, கணினியின் அடித்தளம் வரை போகும் டிரைவர் என்ற துணை மென்பொருள் வேண்டும். பல இலவச மென்பொருள்கள் வின்ரிங்0 என்ற ஒரே டிரைவரை வைத்திருந்தன. அதன் பாதுகாப்பு ஓட்டை 2020-லேயே பதிவானது. 2025-இல் டிஃபெண்டர் அதைத் தடுக்கத் தொடங்கியது. டிஃபெண்டரின் விதிவிலக்குப் பட்டியலில் சேர்த்து ஓட்டலாமா என்றால், வேண்டாம் என்பேன். அந்த ஓட்டை வழியாக வேறு எவனும் உள்ளே வரலாம். அந்த டிரைவரை விட்டு வேறொன்றுக்கு மாறிய புதிய பதிப்பு இருந்தால், அதைச் செய்தவர்களின் தளத்திலிருந்தே எடுத்துக்கொள். அலுவலகக் கணினி என்பதால் அங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடு.

சரி, இப்போது நீ செய்ய வேண்டியது. மற்ற மென்பொருள்களை மூடிவிட்டு, எச்டபிள்யூஇன்ஃபோவில் எண்களைக் கோப்பில் பதிவு எடுப்பதைத் தொடங்கு. இரண்டு நொடிக்கு ஒரு முறை படித்தால் போதும். ஒரு நிமிடம் சும்மா விடு, பிறகு வழக்கமான வீடியோ ஏற்றுமதியைத் தொடங்கு, மந்தமானதும் நிறுத்து. வேலை தொடங்கிய ஓரிரு நொடியிலேயே வெப்பம் 100-க்குத் தாவினால், கூலர் (சிபியுவின் மேல் இருக்கும் குளிர்விப்பான்) சிபியுவோடு சரியாக ஒட்டவில்லை என்று பொருள். ஒரு மூலையில் அதைப் பிடித்திருக்கும் பின் (முள்) நழுவியிருக்கலாம், இரண்டுக்கும் நடுவில் வெப்பம் கடத்தத் தடவிய பேஸ்ட் காய்ந்திருக்கலாம். சில நிமிடங்கள் எடுத்து மெதுவாக ஏறினால் தூசியும் காற்றோட்டமும்தான் பிரச்சினை. நிறுத்தி மின்சாரத்தைத் துண்டித்த உடனே கூலரின் தகடுகளை ஜாக்கிரதையாகத் தொட்டுப் பார். உள்ளே 100 காட்டும்போது தகடு வெதுவெதுப்பாக மட்டும் இருந்தால், வெப்பம் தகடு வரை வந்து சேரவே இல்லை.

பதிவுக் கோப்பை எனக்கு அனுப்பு, கூடவே போர்டின் மாடல் பெயரையும் எழுது. கூலரைக் கழற்றுவதாக இருந்தால் எனக்குப் போன் செய்துவிட்டுத் தொடங்கு, பக்கத்தில் இருப்பதுபோல் சொல்லிக்கொண்டே வருகிறேன்.

அன்புடன்,
ரகு