பழைய லாங் ரோல் ஏடுகள் என்ன நிலையில் இருக்கின்றன? வெலிங்டனுக்கும் பெங்களூருக்கும் ஒரு திறந்த மடல்

வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம், பெங்களூரு மெட்ராஸ் என்ஜினியர் குரூப் ஆகியவற்றின் ஆவண அலுவலகப் பொறுப்பாளர்களுக்கு வணக்கம்.

1947க்கு முந்தைய லாங் ரோல் ஏடுகளில் (படையில் சேர்ந்தவர்களை ஆளுக்கு ஒரு வரியாக எழுதி வைத்த பெயர்ப் பதிவேடுகளில்) எவை உங்களிடம் எஞ்சியிருக்கின்றன என்று வெளிப்படையாக அறிவிக்கும்படி கேட்டு இதை எழுதுகிறேன். எந்தப் படைப்பிரிவு, எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை, தாள் படிக்கும் நிலையில் இருக்கிறதா, இவ்வளவு சொல்லும் ஒரு பட்டியல் போதும். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

தமிழ்நாட்டின் சில ஊர்களில் முதல் உலகப் போர் நினைவுக் கல் இன்றும் இருக்கிறது. இந்த ஊரிலிருந்து இத்தனை பேர் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். ஒரு பெயர்கூட இருக்காது. ஈராக்கின் பாஸ்ரா நினைவிடத்திலும் அப்படித்தான் செய்தார்கள். அதிகாரிகளைப் பெயர் சொல்லிப் பொறித்தார்கள். இந்தியச் சிப்பாய்கள் படைப்பிரிவுக்குக் கீழே வெறும் எண்ணிக்கை.

இறந்தவர்களுக்காவது ஒரு வழி உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவுகளில், குறிப்பாக இரண்டாம் உலகப் போரில் இறந்த பலருக்கு, தகப்பன் பெயரும் ஊரும் சேர்ந்தே கிடைக்கின்றன. உயிரோடு திரும்பி வந்தவரைத் தேடும்போதுதான் வழி அடைபடுகிறது. முதல் போரில் பணியாற்றிய இந்தியர் 13 லட்சத்துக்கும் மேல். இறந்தவர் சுமார் 74,000. இரண்டாம் போரின்போது இந்தியப் படை 25 லட்சமாகப் பெருகியது. அவர்களில் பெரும்பாலோர் வீடு திரும்பினார்கள். திரும்பியவர்களுக்குக் கல்லறையும் இல்லை, கல்லும் இல்லை.

ஓய்வூதியம் இல்லாமல் விலகியவரின் ஷீட் ரோலை, அதாவது அவருடைய பணி விவரத் தாள்களை, 25 ஆண்டுகள் வைத்திருந்து பிறகு அழித்துவிடலாம் என்பது உங்கள் விதி. போர் முடிந்து 1946இல் ஆட்குறைப்பில் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பல்லாயிரம் பேர் ஓய்வூதியத்துக்குத் தேவையான ஆண்டுகளை முடிக்காதவர்கள். அந்த விதிப்படி பார்த்தால் அவர்களுடைய தாள்கள் எழுபதுகளிலேயே போயிருக்கும். மிஞ்சக்கூடியது லாங் ரோல் ஒன்றுதான். ஆளுக்கு ஒரு வரி: எண், பெயர், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகிய காரணம்.

அந்த ஒரு வரியின் மதிப்பு உங்களுக்குத் தெரியாததல்ல. எண் கிடைத்தால் பதக்கத்தோடு ஒப்பிடலாம். முதல் போரின் வெள்ளிப் பதக்கத்தின் விளிம்பிலும், இந்தியப் படையினருக்குக் கொடுத்த இரண்டாம் போர்ப் பதக்கங்களிலும் எண், பதவி, பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும். (வீட்டில் பழைய பதக்கம் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து அதைப் பளபளப்பாகத் தேய்க்காதீர்கள், எழுத்து தேய்ந்துவிடும்.) பிரிவு தெரிந்துவிட்டால், போர்க்களத்தில் ஒவ்வொரு பிரிவும் எழுதி வைத்த போர் நாட்குறிப்புகளைப் புரட்டலாம். முதல் போரின் மெசபடோமியா, கிழக்கு ஆப்பிரிக்க நாட்குறிப்புகள் லண்டன் கியூ ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றில் சிப்பாய்களின் பெயர் அரிதாகவே வரும். ஆனால் அந்தப் படைப்பிரிவு எந்த நாளில் எந்த ஆற்றில் பாலம் போட்டது என்பது வரும். பாட்டன் அங்கே இருந்தார் என்று சொல்ல அது போதும்.

மெட்ராஸ் சாப்பர்ஸ் எனும் பொறியாளர் படையின் சுபேதார் சுப்பிரமணியன் 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியின் மிக்னானோ அருகே வெடிக்கப்போன கண்ணிவெடியின் மேல் பாய்ந்து விழுந்தார். கூட இருந்தவர்களைக் காப்பாற்றித் தான் மடிந்தார். வீரச் செயலுக்கான பிரிட்டனின் ஜார்ஜ் கிராஸ் விருது அவர் பெயரை நிலைக்க வைத்தது. அவரோடு அந்தக் குளிரில் கண்ணிவெடி அகற்றிக்கொண்டிருந்த மற்றத் தம்பிகள் எந்த ஊர்க்காரர்கள்? அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதை தெரியுமா?

பஞ்சாபில் இந்த வேலை நடந்திருக்கிறது. 1919இல் பஞ்சாப் அரசு ஊர் ஊராகத் தொகுத்த முதல் போர்ப் பதிவேடுகள் லாகூர் அருங்காட்சியகத்தில் ஏறக்குறைய நூறாண்டுகள் கவனிப்பாரின்றிக் கிடந்தன. பிரிட்டனில் வாழும் பஞ்சாபியரின் மரபுச் சங்கம் ஒன்றும் கிரீனிச் பல்கலைக்கழகமும் சேர்ந்து, சுமார் 3,20,000 பேரின் விவரங்கள் அடங்கிய அவற்றை 2021 முதல் இணையத்தில் ஏற்றத் தொடங்கின. ஊர்ப் பெயரை வைத்தே தேடலாம். பிரிட்டனில் 1940 செப்டம்பரில் குண்டுவீச்சில் முதல் போர்ப் பணிக்கோப்புகளில் பெரும்பகுதி எரிந்தது. கருகி மிஞ்சிய தாள்களையும் அவர்கள் வீசிவிடவில்லை. படமெடுத்து எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். உங்களிடம் இருப்பவை கரையான் அரித்த ஏடுகளாகவே இருக்கட்டும், அவையும் வேண்டும்.

கலைக்கப்பட்ட பிரிவுகளைப் பற்றித்தான் எனக்கு அதிகக் கவலை. 63ஆம் பாளையங்கோட்டை லைட் இன்ஃபன்ட்ரி 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் இறங்கிப் போரிட்டது. 1920களின் தொடக்கத்தில் அது கலைக்கப்பட்டது. 1928இல் 3ஆம் மெட்ராஸ் ரெஜிமென்ட்டும், 1933இல் மெட்ராஸ் பயனியர்ஸும் போயின. இந்தப் பிரிவுகளின் ஏடுகள் யார் கைக்கு வந்தன? உங்கள் அலமாரியில் இல்லையென்றால், இல்லை என்ற பதிலே எங்களுக்கு உதவும். தேடும் இடமாவது குறையும்.

இதை வெறும் வரலாற்று ஆசையாக நினைத்துவிட வேண்டாம். சென்னை மாகாணப் படையில் சேர்ந்தவர்களில் நிலமில்லாத குடும்பத்தவர், தலித்துகள், கிறிஸ்தவர்கள் ஏராளம். பட்டாவில் இவர்கள் பெயர் இருக்காது, கோயில் கல்வெட்டில் இருக்காது. பல குடும்பங்களில் பாட்டனைப் பற்றி அரசாங்கம் எழுதி வைத்த ஒரே வரி அந்த ஏட்டில்தான் இருக்கக்கூடும்.

தனியுரிமை என்று சொல்வீர்கள். 1947க்கு முன் விலகியவர்களோடு நிறுத்திக்கொள்ளுங்கள், மருத்துவக் குறிப்புகளை மறைத்துவிடுங்கள். பாதுகாப்பு அமைச்சகமே 2021இல் 25 ஆண்டு கடந்த போர்ப் பதிவுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு மாற்றக் கொள்கை வகுத்திருக்கிறது. நான் கேட்பது அதைவிட மிகப் பழைய ஏடுகளை.

பட்டியல் வந்த பிறகு, ஏடுகளைப் படமெடுத்து ஒரு பிரதியை எழும்பூர் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்துக்குக் கொடுங்கள். எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், தாலுகா என எது இருக்கிறதோ அதை வைத்துத் தேட முடியவேண்டும். ஒரே முனுசாமியை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதியிருப்பார்கள். பெயரை மட்டும் நம்பினால் ஆள் கிடைக்கமாட்டார். பழைய ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் முன்னாள் படைவீரர்களும் எங்கள் பக்கத்தில் இருக்கிறார்கள். உங்கள் அலுவலகத்திலேயே, உங்கள் கண்காணிப்பில், கூலி வாங்காமல் உட்கார்ந்து எழுதித் தருவார்கள். எந்த அதிகாரியிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்று மட்டும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வேலூர் மாவட்டத்துப் படைவீரர் குடும்பங்களுக்காகப் பழைய பதிவுகளைத் தேடிவரும் ஒருவர்