முதியோர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டம்: செயலாளரின்ர அறிக்கை

தலைவர் ஐயாவுக்கும் வந்திருக்கிற அண்ணைமார் அக்காமாருக்கும் வணக்கம். பன்னிரண்டு நிர்வாகக் கூட்டம் வைச்சிருக்கவேணும், எட்டுத்தான் நடந்தது, மிச்சத்துக்கு ஆக்கள் காணாது. பொங்கல், சிரமதானம், சரஸ்வதி பூசை வழமைபோல. நல்லூர்த் தேருக்குத் தண்ணீர்ப்பந்தல் போட்டம்.

இனி நாடி நோய் வகுப்பு, நாடியெண்டா இதயத்தில இருந்து இரத்தம் கொண்டுபோற குழாய். "சங்கத்தைப் பள்ளிக்கூடமாக்கிப் போட்டான்" எண்டு கதை வந்ததால விரிவாச் சொல்லத்தான் வேணும். போன மாசியில எங்கட பழைய பொருளாளர் அண்ணை மாரடைப்பில போனவர், கொலஸ்ரோல் றிப்போட் நல்லாத்தான் இருந்தது, செத்தவீட்டில எல்லாரும் "பிறகேன் வந்தது" எண்டு என்னட்டைத்தான் கேட்டவை, முப்பது வருசம் உயிரியல் படிப்பிச்ச எனக்கு மறுமொழி இல்லை. அண்டைக்குத் தொடங்கினதுதான் இந்த வாசிப்பு.

கொழுப்பு பைப்புக்குள்ள ஊத்தை படியிற மாதிரிச் சும்மா படியிறேல்லை. எல்டிஎல் எண்ட கெட்ட கொலஸ்ரோல் நாடிச் சுவருக்குள்ள பூந்து ஒட்சியேறிப் பழுதாகுது, அதை விழுங்க வாற இரத்த வெண்குழியங்கள் (கிருமியோட சண்டை பிடிக்கிற கலங்கள்) விழுங்கி ஊதி அங்கயே சாகுது, அந்த இடம் அழற்சியோடயே, புண் வீங்கிச் சிவந்த மாதிரிக் கிடக்கும். மேல கொலாஜன் எண்ட நார்ப்புரத மூடி ஒண்டு காவலுக்கு இருக்கு. அதே வெண்குழியங்கள் விடுற மெட்டலோபுரோட்டினேஸ் எண்ட நொதியங்கள் (என்சைம்) அந்த மூடியை அரிச்சு மெல்லிசாக்குது, அது வெடிச்சா இரத்தம் உறைஞ்சு குழாய் அடைபடும். பாதிகூட அடைபடாத குழாயிலயும் மாரடைப்பு வாறது இதாலதான்.

2017 இல கான்ரோஸ் ஆய்வில பத்தாயிரம் பேருக்கு மேல சேர்த்து, எல்டிஎல்லைக் குறைக்காம அழற்சியை மட்டும் குறைக்கிற ஊசி போட்டுப் பார்த்தவை, 150 மில்லிகிராம் அளவில மாரடைப்பு, பாரிசவாதம், இதயச் சாவு எல்லாம் சேர்த்து 15 வீதமளவில குறைஞ்சது, ஆனா கிருமித்தொற்றால சாவு கூடினது. அழற்சியோட சம்பந்தப்பட்ட இன்னொரு நொதியத்தை மறிக்கிற டாராப்லாடிப் எண்ட மருந்து 2014 இல ரெண்டு பெரிய ஆய்விலயும் கைகுடுக்கேல்லை. இதைக் கேட்டிட்டு ரெண்டுபேர் கொலஸ்ரோலுக்குப் போடுற ஸ்டாற்றின் குளிசையை நிப்பாட்டினவையாம். நான் அப்பிடிச் சொல்லவே இல்லை! ஸ்டாற்றினும் ஈரலில கொலஸ்ரோல் செய்யிற நொதியத்தை மறிக்கிறதுதான், அழற்சியையும் குறைக்கும். டொக்டரைக் கேளாம ஒருத்தரும் விடாதேங்கோ. சுருட்டை மட்டும் ஆரையும் கேளாம விடலாம்.

முதல் வகுப்புக்கு மண்டபம் நிறைஞ்சது, மூண்டாவதுக்கு ஆறுபேர். நிர்வாகத்தில ஐஞ்சுபேர் ஒருநாளும் வரேல்லை, அவையில மூண்டுபேர் பிறசருக்குக் குளிசை போடுற ஆக்கள், அதுதான் எனக்குக் கூடக் கவலை.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார், கடன் இல்லை, மிச்சமும் பெரிசா இல்லை. அரைவாசிப் பேரின்ர சந்தா ரெண்டு வருசமா நிக்குது. மண்டபம் தந்த கோயில் நிர்வாகத்துக்கும் தேத்தண்ணி தந்த மாதர் சங்கத்துக்கும் நன்றி.

அடுத்த வருசம் நான் நிக்கிறனோ தெரியாது, பொறுப்பெடுக்க ஆரும் வந்தா சாவியைத் தாறன், வகுப்பு மட்டும் நிக்கக்கூடாது. படம் போட்டுக் காட்ட ஒரு புரொஜெக்டர் இருந்தா நல்லது, கனடாவில இருக்கிற பிள்ளையளோட கதைக்கேக்க ஒருக்காச் சொல்லிப் பாருங்கோ. சந்தாக் கொப்பி கதவடிக் கதிரையில இருக்கு.