சரிவில் வண்டி இறங்கும்போது பிள்ளை உள்ளே இருக்கக் கூடாது

கடலூர் முதுநகர்

அன்புள்ள கயல்,

நீ அனுப்பிய படகு வீடியோவை நானும் அம்மாவும் பார்த்தோம். மாப்பிள்ளை ஆசைப்பட்டு வாங்கியிருக்கிறார், எனக்கும் மனசார சந்தோஷம்தான். ஆனால் அதில் ஒரு இடம். படகு ஏற்றிய டிரெய்லரை மாட்டிய வண்டியைச் சரிவில் ரிவர்ஸில் இறக்கி, பின் டயர் தண்ணீரைத் தொட்டதும் மாப்பிள்ளை இறங்கி டிரெய்லர் பக்கம் போகிறார், பின் சீட்டில் பேரன் பெல்ட் போட்டபடி உட்கார்ந்திருக்கிறான், ஏசிக்காகக் கண்ணாடி முழுக்க ஏற்றியிருக்கிறது. அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தேன். போனில் சொன்னால் பாதிப் பேச்சில் அம்மா வாங்கிக்கொள்வாள், அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு, தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

ஹேண்ட் பிரேக் போட்டாயிற்று, கியரும் பார்க்கிங்கில் இருக்கிறது, அப்புறம் என்ன என்று தோன்றும். காலால் பிரேக்கை மிதிக்கும்போது நாலு சக்கரமும் பிடிக்கும். காலை எடுத்து இறங்கிவிட்டால் மிச்சம் இருப்பது ஹேண்ட் பிரேக், அது பெரும்பாலான வண்டிகளில் பின் சக்கரத்தை மட்டும்தான் பிடிக்கும். பார்க்கிங் கியர் பிடிப்பது எஞ்சின் எந்தச் சக்கரத்தை ஓட்டுகிறதோ அதை. உங்கள் வண்டியைப் போன்ற பிக்கப்பில், நாலு சக்கரத்தையும் எஞ்சினோடு சேர்க்கிற ஃபோர் வீலைப் போடாவிட்டால் அதுவும் பின் சக்கரம்தான். ஆக இரண்டு பூட்டும் பின்னாலேயே, அந்தப் பின் டயர்களோ பாசி மேல் நிற்கின்றன. முன் டயர் காய்ந்த சிமெண்டில் இருந்தும் அதைப் பிடிக்க ஒன்றும் இல்லை. இதோடு டிரெய்லர் தண்ணீருக்குள் போனதும் படகு மிதக்கப் பார்க்கும், வண்டியின் பின்பக்கத்தை அமுக்கிக்கொண்டிருந்த பாரம் குறையும், டயரின் பிடிப்பும் அதோடு போகும்.

இங்கே ஒரு தடைக்காலத்தில், படகுகளை ஏற்றிப் பழுது பார்க்கிற சரிவில் இதை நேரில் பார்த்திருக்கிறேன். எஞ்சின் கொண்டுவந்த மினி லாரி, டிரைவர் ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டுத்தான் இறங்கினார். நாலு பேர் சேர்ந்து பின்னாலிருந்து எஞ்சினைத் தூக்கி இறக்கினார்கள், பாரம் போனதுதான் தாமதம், வண்டி நகர ஆரம்பித்தது. பின் சக்கரம் உருளவே இல்லை கயல். பூட்டியது பூட்டியபடி, பச்சைப் பாசியில் இரண்டு கோடு இழுத்துக்கொண்டு சத்தமே இல்லாமல் உப்பனாற்றுக்குள் போனது. உள்ளே யாரும் இல்லை, அதனால் லாரியோடு போயிற்று.

ஆஸ்திரேலியாவில், உங்கள் டார்வின் ஊரில் இது இன்னும் மோசம். நம்ம கடலூரில் கடல் நீர் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரை ஒட்டித்தான், அங்கே 8 மீட்டர் வரை போகிறது. படகு இறக்கும் சரிவுகளைப் பொதுவாக 100 அடிக்கு 12 முதல் 15 அடி இறக்கமாகப் போடுவார்கள், அப்படியானால் தண்ணீர் வற்றும்போது எவ்வளவு நீளத்துக்குப் பாசி வெளியே தெரியும் என்று நீயே கணக்குப் போட்டுப் பார். தினமும் நனைந்து காய்கிற அந்தப் பகுதிதான் வழுக்கும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டித் தண்ணீர் ரொம்பக் கீழே போகும், அந்த நாட்களில் நல்ல ஏற்றம் பார்த்து இறக்கச் சொல். சில இடங்களில் சிமெண்ட் முடிகிற இடத்துக்கு அப்பால், படகுகளின் புரொப்பெல்லர் தள்ளித் தள்ளி மண் அரித்துப் பள்ளமாகியிருக்கும், டிரெய்லர் சக்கரம் அதில் இறங்கினால் வண்டியையும் இழுக்கும்.

சரிவுக்குத் திரும்புவதற்கு முன்பே, மேலே சமதரையில், நீயும் பேரனும் இறங்கிவிடுங்கள். ஓட்டுபவரைத் தவிர வண்டியில் யாரும் வேண்டாம், அழுதாலும் சரி, வெயில் கொளுத்தினாலும் சரி. அவன் கையைப் பிடித்துக்கொண்டு மேலேயே நில், தண்ணீர் ஓரத்துக்கு விடாதே, அங்கே முதலை வேறு. மாப்பிள்ளை ஃபோர் வீலைப் போட்டு, பெல்ட்டைக் கழற்றி, இரண்டு பக்கக் கண்ணாடியையும் முழுக்க இறக்கிவிட்டு ரிவர்ஸ் எடுக்கட்டும். அவர் இறங்குவதற்கு முன்பு வேறு ஒருவர் முன் டயர் இரண்டுக்கும் பள்ளத்துப் பக்கமாகக் கட்டை கொடுக்க வேண்டும். துறைமுகத்தில் கிளீனர் பையன்கள் கட்டையும் கையுமாக நிற்பார்களே, அப்படி. கட்டையில் கயிறு கட்டி வண்டியோடு பிணைத்துவிட்டால் மேலே ஏறும்போது அதுவும் கூடவே வந்துவிடும், குனிந்து எடுக்க வேண்டியதில்லை.

அப்படியும் வண்டி நகர்ந்தால் விட்டுவிடச் சொல். பின்னால் நின்று தாங்குவது, ஓடிப்போய்க் கதவைத் திறந்து ஏறிப் பிரேக்கை மிதிப்பது, எதுவும் வேண்டாம். மாப்பிள்ளை கையில் பலம் உள்ளவர், அவருக்குத்தான் அந்த எண்ணம் முதலில் வரும், அதனால் இதை அழுத்திச் சொல். வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது.

ஆள் உள்ளே இருக்கும்போது போய்விட்டால்? கனடாவில் மானிடோபா பல்கலைக்கழகத்தில் கோர்டன் கீஸ்ப்ரெக்ட் என்ற பேராசிரியர் நிஜ வண்டிகளை ஆளோடு தண்ணீரில் இறக்கிச் சோதனை செய்திருக்கிறார். வண்டி அரை நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் வரைதான் மிதக்கும், முதல் ஒரு நிமிடத்திலேயே வெளியே வந்துவிட வேண்டும் என்கிறார். பெல்ட்டைக் கழற்று, கண்ணாடியை இறக்கு, முதலில் குழந்தையை வெளியே தள்ளு, பிறகு நீ. கதவைத் திறக்கப் போகாதே, திறந்தால் தண்ணீர் பாய்ந்து வண்டி உடனே மூழ்கும். தண்ணீர் கண்ணாடி மட்டத்துக்கு வந்துவிட்டால் அதன் அழுத்தத்தில் கண்ணாடியும் இறங்காது. போன் எடுத்து அவசர உதவிக்கு 000 அடிப்பதெல்லாம் வெளியே வந்த பிறகு.

கண்ணாடி உடைக்கிற சின்னச் சுத்தியலை நம்பி இருக்கவும் வேண்டாம். 2019-இல் அமெரிக்காவில் ஏஏஏ என்ற வாகன ஓட்டிகள் சங்கம் ஆறு விதக் கருவிகளைச் சோதித்தது. நாலு, பொடிப்பொடியாக நொறுங்குகிற டெம்பர்டு கண்ணாடியை உடைத்தன, நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியை ஒன்றுகூட உடைக்கவில்லை. உங்கள் வண்டியின் பக்கக் கண்ணாடி மூலையில் பொடி எழுத்தில் என்ன வகை என்று போட்டிருக்கும், போட்டோ எடுத்து அனுப்பு.

அப்படியே அந்தச் சரிவையும் தண்ணீர் வற்றியிருக்கும் நேரத்தில் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பாசி எதுவரை ஏறியிருக்கிறது என்று நான் பார்க்க வேண்டும். அம்மா பேரனுக்கு முறுக்கு சுட்டு வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் ஊரிலிருந்து வருகிறவர்களிடம் கொடுத்து விடுகிறோம்.

அன்புடன்
அப்பா