மாற்று ஜோடி

டப்ளின், ஓஹையோ
ஏப்ரல் 14, 2025

அன்புள்ள கயல்,

இன்று சித்திரை ஒன்று. அம்மா கனித் தட்டில் பழங்களோடு உன் சின்ன வயசு வெள்ளிக் கொலுசையும் வைத்திருந்தாள். காலையில் உன்னைக் கூப்பிட்டோம், நீ எடுக்கவில்லை. ஆஸ்பத்திரி டூட்டியில் இருப்பாய் என்று தெரியும்.

போனில் சொல்ல முடியாததால்தான் எழுதுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "அப்பா, இந்த வாரமும் நான்தான் கூடுதலா பார்க்கறேன், வேற ஆளே இல்ல" என்றாய். அப்புறம் சத்தமே இல்லை, மூச்சு மட்டும் கேட்டது. பேசிக்கொண்டே தூங்கிவிட்டாய். நானும் அம்மாவும் போனை வைக்க மனசில்லாமல் கால் மணி நேரம் அந்த மூச்சையே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

சனிக்கிழமை நம்ம ஓஹையோ ஸ்டேட் அமெரிக்கக் கால்பந்து அணியின் ஸ்பிரிங் கேமுக்குப் போனேன், அவர்கள் தங்களுக்குள்ளேயே ஆடும் அந்தப் பயிற்சி ஆட்டத்துக்கு, இந்த முறை தனியாக. நாம் எப்போதும் உட்காரும் தெற்குப் பக்கத்திலேயே இடம் பிடித்தேன். உனக்கு ஒன்பது வயதாக இருக்கும்போது முதல் தடவை கூட்டிப்போனேனே, "இது மெய்யான மேட்ச் இல்லையா, அப்புறம் ஏன் இவ்வளவு பேர் வந்திருக்காங்க?" என்று கேட்டாய். அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. இப்போது தெரியும் என்று நினைக்கிறேன்.

நான் வழக்கம்போல, பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிற ரன்னிங் பேக்குகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கபடி பார்த்து வளர்ந்தவனுக்கு இந்த ஆட்டத்தில் முதலில் புரிந்த ஆள் ரன்னிங் பேக்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிராளி கூட்டத்துக்குள் நுழைகிறவன். போன வருடம் இருந்த இரண்டு பேருமே போய்விட்டார்கள். ஹெண்டர்சன், ஜட்கின்ஸ் இருவரும் இந்த மாதக் கடைசியில் தொழில்முறை அணிகள் ஆள் எடுக்கும் என்எஃப்எல் டிராஃப்டுக்குக் காத்திருக்கிறார்கள். அவர்கள் இடத்துக்கு இப்போது ஜேம்ஸ் பீப்பிள்ஸ் இருக்கிறான், போன வருடம் மூன்றாவது ஆளாக இருந்த டெக்சாஸ் பையன். வெஸ்ட் வர்ஜீனியாவிலிருந்து சி.ஜே. டொனால்ட்சன் வந்திருக்கிறான். டைட் எண்ட் என்ற வேறு இடத்தில் ஆட வந்து ரன்னிங் பேக் ஆனவன், நல்ல கனமான ஆள். இவர்களுக்குப் பின்னால் சின்னப் பையன்கள்.

ஆள் பற்றாக்குறை என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். 2022 நவம்பர் உனக்கு மறந்திருக்காது. இவான் ப்ரையர் ஆகஸ்டிலேயே முழங்கால் போய் உட்கார்ந்துவிட்டான். மையன் வில்லியம்ஸ் இந்தியானாவோடு ஆடும்போது அடிபட்டான். அடுத்த வாரம் மேரிலாந்து ஆட்டத்தில் ஹெண்டர்சன் பாதத்தில் வலியோடு இறங்கி, பாதி ஆட்டத்தில் வெளியே போனான். யார் மிச்சம்? முதல் வருடப் பையன் டாலன் ஹேடன். 27 தடவை பந்தைத் தூக்கி ஓடினான். 146 யார்டு, மூன்று டச்டவுன். நீ சோபாவில் ஏறி நின்று கத்தினாய். அதற்கடுத்த சனிக்கிழமை மிஷிகனோடு ஆடும்போது, அந்த வருடம் தடுப்பாட்டத்துக்கு, லைன்பேக்கராக மாற்றப்பட்டிருந்த சிப் ட்ரேயானத்தைக் கூட்டி வந்து ஓடவிட்டார்கள். நம் பக்கத்தில் அதிகமாக ஓடியதே அவன்தான், 14 தடவையில் 83 யார்டு. 45-23 என்று தோற்றோம். தோற்றதற்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நவம்பர் கடைசியில் ஆள் தேடி அலைந்த அந்தக் காட்சி எனக்கு மறக்கவே இல்லை.

இப்போது ஜட்கின்ஸின் கணக்கைச் சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. அவன் இங்கே வருவதற்கு முன்னால் ஓல் மிஸ்ஸில், அதாவது மிசிசிப்பி பல்கலைக்கழகத்தில், இருந்த இரண்டு வருடத்தில் 274 தடவை, 271 தடவை பந்தைத் தூக்கினான். ஒரு ஆட்டத்துக்குச் சராசரி 21 தடவை. ஒவ்வொரு தடவையும் நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்கள் இரண்டு மூன்று பேர் வந்து மேலே விழுவார்கள். இரண்டாவது வருடம் அவன் ஒரு ஓட்டத்துக்கு எடுத்தது 4.3 யார்டுதான். அவ்வளவு பெரிய ஆள், தனக்கென்று ஒரு அணியே இருந்த ஆள், ஹெண்டர்சன் இருக்கிற இடத்துக்கு வந்து பாதியை வாங்கிக்கொள்ளச் சம்மதித்தான். ஹெண்டர்சனும் போன வருடம் அதே ஜனவரியில் என்எஃப்எல்லுக்குப் போகாமல் கடைசி வருடத்துக்கு இங்கேயே இருந்தான். போன வருடம் ஜட்கின்ஸ் 194 தடவை ஓடினான், ஹெண்டர்சன் 144 தடவை. பதினாறு ஆட்டம். இரண்டு பேருமே ஆயிரம் யார்டைத் தாண்டினார்கள். ஜட்கின்ஸுக்கு ஓட்டத்துக்கு 5.5, ஹெண்டர்சனுக்கு 7.1. குறைவாகத் தூக்கியபோது ஒவ்வொரு தடவையும் கூடுதல் தூரம் போனார்கள்.

ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டேமோடு ஆடிய இறுதியாட்டத்தை நீ பார்க்கவில்லை, அன்று உனக்கு நைட். இரண்டாவது பாதி தொடங்கியதுமே ஜட்கின்ஸ் 70 யார்டு ஓடினான். சீசனின் பதினாறாவது ஆட்டத்தில், ஜனவரி மாதத்தில், காலில் இன்னும் அந்த வேகம் இருந்தது. 34-23 என்று ஜெயித்தோம். அம்மாகூட எழுந்து நின்று கை தட்டினாள்.

ஹெண்டர்சனிடம் எனக்குப் பிடித்தது அவன் ஓட்டம்கூட இல்லை. தன் கையில் பந்து இல்லாதபோது அவன் என்ன செய்கிறான் என்று பார். பந்தை எறியப்போகும் குவாட்டர்பேக்கை நோக்கி ஒருவன் பாய்ந்து வருவான், இவன் குறுக்கே போய் நெஞ்சைக் கொடுத்துத் தாங்குவான். டிவி காமிரா பந்தோடு போய்விடும், அவனை யாரும் பார்க்க மாட்டார்கள். சனிக்கிழமை ஆட்டத்துக்கு முன்னால் சின்னப் பையன்கள் அதைத்தான் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் இடது காலைத் தப்பாக வைத்து மல்லாக்க விழுந்தான். எழுந்து வந்து மறுபடியும் நின்றான். கோச் அவன் பாதத்தைத் தன் ஷூவால் தட்டி இரண்டு அங்குலம் நகர்த்தினார். அடுத்த தடவை விழவில்லை.

நீ ஒன்பது வயதில் கேட்டதற்குப் பதில் இதுதான், கயல். வசந்தத்தில் மொத்தம் பதினைந்து பயிற்சி. ஸ்கோர் எங்கேயும் சேராது. அதனால் மூன்றாவது ஆளுக்கும் நாலாவது ஆளுக்கும் பந்து கொடுக்கலாம், அவர்கள் தப்பு செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். இப்படித்தான் நவம்பருக்கு ஆள் தயாராகிறது.

உனக்குக் கீழே ஒரு முதல் வருடப் பையன் இருக்கிறான் என்றாயே. "அவனுக்குச் சொல்லிக் கொடுக்கற நேரத்துக்கு நானே செஞ்சிடுவேன்பா" என்றாய். ஷிஃப்ட் முடிந்து ஒப்படைத்த பிறகும் மனசு கேட்காமல் திரும்பிப் போய் நோயாளிகளைப் பார்க்கிறாய். உன் வேலையில் கை தவறினால் போவது பந்து இல்லை, உயிர், அது எனக்குத் தெரியும். ஆனால் ஜூலை ஒன்றாம் தேதி அந்தப் பையன் இரண்டாம் வருடம் ஆகிவிடுவான், அவனுக்குக் கீழே புது ஆட்கள் வந்து நிற்பார்கள். இப்போது ஏப்ரல். நீயும் பெரிய டாக்டரும் அவன் பின்னால் நிற்கும்போதே அவன் செய்து பார்க்க வேண்டாமா?

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றையும் சொல்கிறேன். 2003-ல் நான் வேலை பார்த்த இடத்தில் ராத்திரி ஓடும் பில்லிங் புரோகிராம்கள் எனக்கு மட்டும்தான் அத்துப்படி. இன்னொருவருக்குச் சொல்லிக் கொடு என்று மேனேஜர் மூன்று தடவை கேட்டார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். நேரம் இல்லை என்று அவரிடம் சொன்னேன். உண்மை என்னவென்றால், நான் இல்லாமல் நடக்காது என்பது எனக்குப் பிடித்திருந்தது. அந்த வருடம் ஒரு மாதக் கடைசியில்தான் தாத்தாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்று ஊரிலிருந்து போன் வந்தது. மாதக் கணக்கை முடித்துவிட்டுக் கிளம்ப நாலு நாள் ஆனது. நான் போய் இறங்கும்போது எல்லாம் முடிந்திருந்தது. மூத்த மகன் நான் இருக்க, உன் சித்தப்பா கொள்ளி வைத்திருந்தான்.

தாத்தா ஒருநாளும் அப்படி வேலை வாங்கியவர் இல்லை. எனக்கு ஏழு வயது இருக்கும், நம்ம தோட்டத்துக் கிணற்றில் அப்போதெல்லாம் கமலை இறைப்புதான், மோட்டார் வரவில்லை. இரண்டு ஜோடி மாடு. ஒரு ஜோடி கமலையில் பின்னாலும் முன்னாலுமாகப் போய் வரும்போது மறு ஜோடி வேப்பமரத்தடியில் அசைபோட்டுக்கொண்டு நிற்கும். வெயில் ஏறியதும் தாத்தா நிறுத்திவிடுவார். நுகத்தடியை எடுத்ததும் மாட்டின் கழுத்தில் ரோமம் தேய்ந்து, தோல் சிவந்து ஈரமாக இருக்கும். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். சூடு எவ்வளவு என்று பார்க்கிறாராம். அப்புறம் வேப்பெண்ணெய் தடவி, மாற்று ஜோடியைப் பூட்டச் சொல்வார். இரண்டாவது ஜோடி கிழடு, வேகம் கிடையாது. "இன்னும் நாலு சால் இதையே இறைக்கவிடலாமே" என்று ஒருநாள் கேட்டேன். தாத்தா பதில் சொல்லாமல் என் கையைப் பிடித்து மாட்டுக் கழுத்தில் வைத்தார். கொதித்தது.

ஞாயிற்றுக்கிழமை உன் மூச்சைக் கேட்டபோது எனக்கு அந்தச் சூடுதான் ஞாபகம் வந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். மே 9, வெள்ளிக்கிழமை, நானும் அம்மாவும் ஹூஸ்டன் வருகிறோம். மாலையில் விமானம் இறங்கும். ஏர்போர்ட்டுக்கு நீ வர வேண்டாம், கார் பிடித்து வந்துவிடுவோம். சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்து வை. அன்று சாயங்காலம் அந்தப் பையனிடம் ஒப்படைத்துவிட்டு நேரே வீட்டுக்கு வா, திரும்பிப் போய்ப் பார்க்காதே. அம்மா பருப்புப் பொடியும் எள்ளுப் பொடியும் திரிக்கிறாள், நார்த்தங்காய் ஊறுகாயும் வருகிறது. நாங்கள் வரும்போது நீ தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்ப மாட்டோம்.

அன்புடன்,
அப்பா