விண்ணப்பம் போடு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஜெர்மனியில் இளம் ஆய்வாளர்களுக்காக இருக்கிற யுங்கே அகாதமிக்கு விண்ணப்பிக்கலாமா வேண்டாமா என்று கேட்டிருந்தாய். அம்மா, "அவளே முடிவெடுக்கட்டும், நீங்கள் குறுக்கே பேசாதீர்கள்" என்கிறாள். சரிதான். ஆனாலும் என்னைக் கேட்டிருக்கிறாய், அதனால் சொல்கிறேன். போடு.

உறுப்பினராக 5 வருடம் அதில் போனால் கட்டுரைகள் குறையும் என்று உன் பேராசிரியர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் மண்ணியலை விட்டுவிட்டு வா என்று அங்கே யாரும் சொல்லவில்லையே. மொத்தம் 50 பேர், வருடத்துக்கு 10 பேர் புதிதாக வருகிறார்கள். மருத்துவம், வரலாறு, கணிதம், சட்டம் என்று பல துறைக்காரர்கள், கலைஞர்கள்கூட ஒரே மேசையில் உட்காருகிறார்கள். 2000-ல் தொடங்கியபோது, இளம் ஆய்வாளர்களுக்கென்று இப்படியொரு தேசிய அகாதமி உலகில் வேறெங்கும் கிடையாது.

எனக்குப் பிடித்தது அந்தக் கலவைதான். நம் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையே எடுத்துக்கொள். மாடம்பாக்கம், செம்பாக்கம் ஏரிகள் நிரம்பி வழிந்தால் தண்ணீர் வந்து சேர்கிற இடம் அது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கோவளம் வழியாகக் கடலுக்குப் போக வேண்டும். அந்தச் சதுப்பில்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு, சாலைகள், கட்டடங்கள் எல்லாம். ஏரி ஒரு துறை, வடிகால் ஒரு துறை, காடு ஒரு துறை. நான் வேலையில் இருந்தபோது கூட்டங்களில் இதைத்தான் பார்த்தேன். அவரவர் வரைபடம் அவரவர் எல்லையோடு முடிந்துவிடும். ஒருவரும் சோம்பேறி இல்லை, பாப்பா. நல்ல இன்ஜினியர்கள். பக்கத்து நாற்காலிக்காரரிடம் கேட்கும் வழக்கம்தான் இல்லை.

2015 டிசம்பரில் ஊரே வெள்ளத்தில் மிதந்தது. 2019-ல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது, நடைக்கு 25 லட்சம் லிட்டர். இரண்டும் ஒரே நகரத்தில், நான்கே வருட இடைவெளியில்! வெறும் பொறியியலால் இது தீராது.

பெசன்ட் நகரில் வீடு வீடாகப் போய் மழைநீர் சேமிப்பைப் பற்றிப் பேசினாரே சேகர் ராகவன், அவர் படித்தது இயற்பியல். 2003-ல் அரசு எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேமிப்பைக் கட்டாயமாக்கியது. அப்புறமும் குழாயை வைத்துவிட்டுச் சுத்தம் செய்யாமல் விட்ட வீடுகள் எத்தனை! அங்கே மண் படித்தவளுக்கு வேலை முடிந்துவிட்டது. மனிதர்களைப் படித்தவர் வேண்டும்.

உள்ளே போனால் உன் மண்ணைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருக்காதே. பொருளாதாரம் படித்தவரைப் பிடித்து, ஈர நிலத்தின் ஓரத்தில் மனை விலை ஏன் ஏறுகிறது என்று கேள். சட்டம் படித்தவரிடம், அந்த நிலம் யாருடையது என்று எப்படி முடிவாகிறது என்று கேள். இது தெரியாமல் சதுப்பைக் காப்பாற்றுவது கஷ்டம். பள்ளிக்கரணை 2022-ல், உலக அளவில் முக்கியமான ஈர நிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று உனக்குத் தெரியும். இருந்தாலும் பட்டியலுக்குப் பிறகும் வேலை இருக்கிறது.

விண்ணப்பத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு. ஜெர்மனில் இருந்தால் தமிழில் நாலு வரி சொல்லு, போதும். மாப்பிள்ளையிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
அப்பா
வேளச்சேரி, சென்னை