பெயரை மாற்றினால் போதுமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மனநல ஆலோசகர்கள் சமூக ஊடகங்களில் எப்படி இயங்கலாம் என்று சென்ற ஞாயிறு மலரில் அரைப்பக்கக் கட்டுரை வெளியிட்டிருந்தீர்கள். தமிழில் இதை எழுத ஒருவர் முன்வந்ததே பெரிது என்றுதான் படிக்கத் தொடங்கினேன். நான்காவது பத்தியில் ஒரு வரி: "உங்களிடம் வருகிறவர்களின் கதைகளையே சொல்லலாம், பெயரை மாற்றிவிட்டால் போதும்." கட்டுரையாளர் கோலாலம்பூர் செந்தூலில் ஒரு கல்யாணப் பந்தியில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்ததில்லை போலும்.

உங்களுக்குத் தெரியாததா? மலேசியாவில் இந்தியர்களான நாம் ஏறக்குறைய இருபது லட்சம் பேர். அதில் தமிழ்க் காணொலி பார்ப்பவர்கள், அதிலும் கோலாலம்பூர்க்காரர்கள் என்று சுருக்கிக்கொண்டே வந்தால் எல்லாரும் யாரோ ஒருவர் வழியாகச் சொந்தம். "முப்பத்தெட்டு வயது, தமிழ்ப்பள்ளி ஆசிரியை, இரண்டு பெண் பிள்ளைகள், கணவருக்குச் சிங்கப்பூரில் வேலை, தைப்பூசத்தன்று மாமியார்..." என்று ஓர் ஆலோசகர் ஆரம்பித்தால், மாமியார் என்ன செய்தார் என்று சொல்லி முடிப்பதற்குள் காணொலி அந்தப் பள்ளியின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவுக்குப் போய்விடும். வயது, வேலை, குடியிருக்கும் தாமான், பிள்ளைகளின் எண்ணிக்கை, சம்பவம் நடந்த நாள் ஆகியவற்றில் மூன்று சேர்ந்தாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். பெயரை யார் கேட்டார்கள்?

சரி, ஐந்தையும் மாற்றியாயிற்று என்றே வைத்துக்கொள்வோம். ஆலோசனை அறையில் ஒரு பெண் சொல்கிறார்: "வேலை முடிஞ்சு வந்தா வாசல்ல செருப்பு இருக்கான்னு பார்த்துட்டுதான் மூச்சு விடுவேன்." கணவர் வீட்டில் இருக்கிறாரா இல்லையா என்பதை அந்தச் செருப்புதான் அவருக்குச் சொல்லும். வரி அழகாக இருக்கிறதே என்று ஆலோசகர் அதைக் காணொலியில் போடுகிறார். ஊரில் ஒருவருக்கும் தெரியாது. அந்தப் பெண்ணுக்குத் தெரியும். அடுத்த முறை வந்து "எல்லாம் நல்லா இருக்கு" என்பார். அதற்கடுத்த முறை வரமாட்டார். கட்டுரையாளர் கணக்கில் இது ஒரு "வெற்றிகரமான பதிவு".

இந்தத் தொழிலில் ஒழுங்காகக் காணொலி போடுகிறவர்கள் ஒரு தனி மனிதரிலிருந்து தொடங்குவதில்லை. பலரிடமும் திரும்பத் திரும்ப வரும் பொதுவான சிக்கலை எடுத்து, அதற்கு ஒரு கற்பனை ஆளை உருவாக்கி, "இவர் கற்பனை" என்று முதல் பத்து விநாடிக்குள் சொல்லிவிடுவார்கள். எழுதி முடித்த பிறகு ஒரு சோதனை உண்டு: சிகிச்சைக்கு வருகிறவர்களில் யாராவது "இது நான்தானே?" என்று கேட்டால், கண்ணைப் பார்த்து இல்லை என்று சொல்ல முடியுமா? முடியாது என்றால் அந்த வரி போக வேண்டும், எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும். சம்மதம் வாங்கிவிட்டால் சரிதானே என்று கேட்பவர்களும் உண்டு. சிகிச்சையில் இருப்பவர் ஆலோசகரிடம் முடியாது என்று சொல்லத் தயங்குவார், அதனால் அந்தச் சம்மதத்தின் எடை குறைவு. நாளைக்கு அவர் மனம் மாறினாலும், புலனத்தில் பரவியதைத் திரும்ப வாங்க எந்தப் பொத்தானும் கிடையாது.

கட்டுரையில் கால் பங்கு, முகத்துக்கு வெளிச்சம் தரும் வளைய விளக்குக்குப் போயிருக்கிறது. வாங்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. முகம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், பேச்சு கேட்கவில்லையென்றால் ஐந்து விநாடியில் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள். சட்டையில் குத்தும் சின்ன மைக்கை முகவாய்க்கு ஒரு சாண் கீழே வைத்து, காத்தாடியையும் ஏர்கோனையும் நிறுத்திவிட்டுப் பேச வேண்டும். மாலை மழை கூரையில் இறங்கினால் அன்றைய வேலை போச்சு, ஆகவே பதிவு காலையில். பின்னால் அலமாரியில் கோப்புகள் முதுகைக் காட்டி நிற்கும், படத்தை நிறுத்திப் பெரிதாக்கினால் முதுகில் எழுதிய பெயர் படிக்க வரும். பெயரை மாற்றச் சொன்னவருக்கு இது தோன்றவில்லை. வெள்ளைப் பலகையில் நாளைய சந்திப்பு நேரங்கள், மேசையில் அணைக்காத கைப்பேசியில் எட்டிப் பார்க்கும் குறுஞ்செய்தி எல்லாம் அப்படித்தான். வெறுஞ்சுவர் போதும்.

உதவி எண்ணைக் காணொலிக்குக் கீழே உள்ள குறிப்பில் போட்டால் பாதிதான் பயன். யாரோ அதைப் பதிவிறக்கிப் புலனத்தில் அனுப்புவார்கள், குறிப்பு கழன்றுவிடும், படம் மட்டும் ஈப்போவில் இருக்கும் அத்தைக்குப் போய்ச் சேரும். எண் படத்துக்குள்ளேயே இருக்க வேண்டும். அதையும் கீழ் ஓரத்தில் போட்டால் செயலியின் பொத்தான்களும் கணக்குப் பெயரும் மூடிவிடும், வலது ஓரமும் அப்படியே. நடுவுக்குச் சற்று மேலே, குறைந்தது ஐந்து விநாடி நிற்கட்டும்.

கருத்துப்பெட்டியைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல் இல்லை. இரவு இரண்டு மணிக்கு ஒரு பிள்ளை அங்கே "இனி முடியல" என்று எழுதுவான். ஆபத்தான சொற்களை வடிகட்டி நிறுத்தும் வசதி இருக்கிறது. ஆனால் நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில், மலாய் கலந்து, ஒரே சொல்லை நாலு விதமாக எழுதுவார்கள். தமிழ் எழுத்தில் மட்டும் பட்டியல் போட்டால் ஒன்றும் சிக்காது. தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும், ஒவ்வொரு சொல்லுக்கும் எல்லா எழுத்துக்கூட்டலிலும் பட்டியல் போட வேண்டும். அப்படியும் தப்பும் என்பதால் யார் எந்த நேரத்தில் பார்ப்பது என்று ஆள் வைக்க வேண்டும். ஆள் இல்லையென்றால் பெட்டியை மூடி வைப்பதுதான் நேர்மை. தனிச்செய்தியில் ஆலோசனை நடத்தவே கூடாது: "இங்கே சிகிச்சை தருவதில்லை, உடனே பேச இந்த எண்" என்று ஒரே பதில், எல்லாருக்கும் ஒன்றுபோல.

கடிதம் நீள்கிறது, தெரிகிறது. ஆனால் உங்கள் பத்திரிகையில் பல வருடமாகப் பொறுத்துக்கொண்ட மற்றவற்றையும் இப்போது சொல்லாவிட்டால் எப்போது சொல்வது?

உங்கள் பக்கங்களில் தேர்வு பயமும் "மன அழுத்தம்"தான், சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வும் "மன அழுத்தம்"தான். முன்னது தேர்வு முடிந்ததும் போய்விடலாம். பின்னதைக் கண்டறிய ஒன்பது அறிகுறிகளில் குறைந்தது ஐந்து இருக்க வேண்டும், அதில் ஒன்று சோர்ந்த மனநிலை அல்லது எதிலும் நாட்டமின்மை, குறைந்தது இரண்டு வாரம், ஏறக்குறைய தினமும், அன்றாட வேலை கெடும் அளவுக்கு. உங்கள் "ஐந்து அறிகுறிகள்" பெட்டியில் இரண்டு வாரம் என்பதை வெட்டிவிட்டீர்கள். இடமில்லையாம். படபடப்பு வந்தால் "நன்றாக இழுத்து மூச்சு விடுங்கள்" என்று இன்னொரு பெட்டி. வேகமாக இழுத்து இழுத்து விட்டால் இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் மரத்துப்போகும், தலை சுற்றும், ஆள் இன்னும் பயந்துபோவார். உள்ளே நாலு எண்ணி, வெளியே ஆறு எண்ணி, மெதுவாக விட வேண்டும். நெஞ்சு வலி முதல் முறை என்றால் மூச்சுப் பயிற்சிக்கு முன்னால் டாக்டர்.

தலைப்புகளைப் பற்றி என்ன சொல்ல? மனநலச் செய்தி என்றால் தலையைப் பிடித்துக்கொண்டு இருட்டில் உட்கார்ந்திருக்கும் அதே பெண்ணின் படம், அதன் மேல் "தஞ்சோங் ரம்புத்தான்" கேலி. அங்குள்ள மனநல மருத்துவமனை 1911-லிருந்து இயங்குகிறது, அதன் பேரைச் சொல்லிப் பிள்ளைகளை மிரட்டும் பழக்கமும் கிட்டத்தட்ட அவ்வளவு பழையது. நீங்கள் அதை அச்சில் தொடர வேண்டுமா?

தன்னம்பிக்கைப் பேச்சாளர் ஒருவரை "மனநல ஆலோசகர்" என்று அச்சிட்டீர்கள். இந்த நாட்டில் 1998-ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டம் 580 ஒன்று இருக்கிறது. ஆலோசகர் வாரியத்தில் பதிவும், தொழில் செய்வதற்கான அமல் சான்றும் இல்லாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள முடியாது. போடுவதற்கு முன் பதிவு எண்ணைக் கேட்க ஒரு நிமிடம் ஆகுமா?

தற்கொலைச் செய்திகளில் எந்த மாடி, எந்தப் பாலம், எப்படி என்பதெல்லாம் விவரமாக வருகிறது. 1987-இல் வியன்னாவில் பத்திரிகைகள் சுரங்க ரயில் மரணங்களை எழுதும் முறையை மாற்றிக்கொண்டதும் அந்த மரணங்கள் சட்டென்று குறைந்தன. நெருக்கடியைத் தாண்டி வந்தவர்களைப் பற்றி எழுதினால் அது காப்பாற்றவும் செய்கிறது. தற்கொலைக்கு முயற்சி செய்தவரைக் குற்றவாளியாக்கும் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு 2023-இல் நீக்கப்பட்டது, உங்கள் நிருபரின் நடையில் மட்டும் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. இரவு பத்து மணிக்கு அழைத்து, பதினொன்றுக்குள் வேண்டும் என்று, இறந்த மாணவியின் "மனநிலையை விளக்க" ஆலோசகர்களான எங்களில் யாரையாவது கேட்பதையும் தயவுசெய்து நிறுத்துங்கள். பார்த்தேயிராத ஒரு பிள்ளையின் மனநிலையை யாரும் விளக்க முடியாது, விளக்குகிறேன் என்பவரை அச்சிடக் கூடாது.

கேட்பது இரண்டே. அடுத்த ஞாயிறு மலரில் "பெயரை மாற்றுவது மட்டும் போதாது" என்று ஒரு வரித் திருத்தம். இனித் தற்கொலைச் செய்திகளின் அடியில், விளம்பரத்துக்காக வெட்டாமல், கண்ணுக்குத் தெரியும் அளவில் மூன்று எண்கள்: ஹீல் 15555, தாலியான் காசே 15999, பிஃபிரண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929. மூன்றும் சேர்ந்து இரண்டு வரிதான், உங்கள் நகைக்கடை விளம்பரத்தில் ஒரு வளையலின் இடம்.

இப்படிக்கு,
பதிவு பெற்ற ஆலோசகர்,
செந்தூல், கோலாலம்பூர்.

பி.கு.: என் பெயரும் முகவரியும் தனித்தாளில் உள்ளன, அச்சிட வேண்டாம். மாற்றியும் அச்சிட வேண்டாம்.